கோட்டைக்குக் கொண்டுபோன புளிச்சோறு

மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது, எங்கள் ரெம்பாவ் ரப்பர் தோட்டத்து வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சட்டம். தெரிந்தும் நான் தப்புச் செய்தேன்.

கல்யாணமான புதிது. குன்றின் மேல் இடிந்து கிடக்கும் பழைய மலாய்க் கோட்டையைக் காட்ட, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் அழைத்துப்போனார். துணைக்குத் துப்பாக்கியோடு மலாய்க் காவலர் யூசோப் வந்தார். தோட்டத்திலேயே வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். வேலிக் கேட்டில் பெண்களைச் சோதிக்கும் காவல்காரம்மா அன்று வரவில்லை.

கோட்டைச் சுவரடியில் உட்கார்ந்ததும், கணவருக்குப் பசிக்குமே என்று மடியில் மறைத்துக் கொண்டுவந்த புளிச்சோற்று இலைப்பொட்டலத்தை ஆசையாகப் பிரித்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“என்னக்கா இது! புடிச்சா ஜெயிலு லா!” என்றார் யூசோப்.

இலையை அவசரமாக மூடப்போனேன். அவரோ துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது. எனக்கும் வைங்க.”

மூவரும் சாப்பிட்டோம். அந்தக் காலத்தில் எதிரிகள் இந்தக் கோட்டையை எப்படிப் பிடித்தார்கள் என்று கணவர் கேட்டார்.

“சண்ட போட்டு இல்லண்ணே. சுத்தி நின்னு அரிசிய நிறுத்திட்டாங்க. புள்ளைங்க பசியில அழுவுறதப் பாத்து, உள்ள இருந்தவங்களே கதவத் தொறந்துட்டாங்க.”

சொல்லிவிட்டு, கீழே தெரிந்த எங்கள் தோட்டத்து முள்வேலியைப் பார்த்தார். பிறகு எச்சில் இலையைக் கல்லுக்கடியில் புதைத்தார்.

அந்தச் சட்டமெல்லாம் போய்விட்ட இப்போதும், வழிக்குச் சோறு கட்டினால் இன்னும் ஓர் ஆளுக்குச் சேர்த்தே கட்டுகிறேன். யாருக்கு என்று கணவர் கேட்பதில்லை.