எள் முளைத்த மூலை

விதைப்புக்கு முன்பே களைக்கொல்லி அடித்துவிட்டால் களையெடுக்க ஆள் தேடி அலைய வேண்டாம் என்று, போன வருஷம் நிலக்கடலைக்கு அடித்த அதே அளவை இந்தத் தடவை எள்ளுக்கும் அடித்தேன். எள் அவ்வளவு தாங்குமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. களையும் வரவில்லை, எள்ளும் வரவில்லை. மருந்து தீர்ந்துபோய் அடிக்காமல் விட்ட ஒரு மூலையில் மட்டும் இரண்டும் முளைத்து நின்றன.

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் என் காட்டு வரப்பில் நின்றார். "காட்ட நல்லாத் துப்புரவா வெச்சிருக்கீங்க. என்னங்க வெதைக்கப் போறீங்க?"

விதைத்து மாதம் ஆகப்போகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னும் முடிவு பண்ணலீங்க" என்றேன்.

அவர் அந்த மூலையைக் காட்டினார். "எள்ளே போடுங்க. தானா மொளச்சதே என்ன செழிப்புன்னு பாருங்க!"