முறுக்கின் மேல் போட்ட பழி

டாக்டர் ஞானமுத்து இறந்த செய்தி, என் நாற்காலியில் வாயில் பஞ்சோடு சாய்ந்திருந்த ஒருவரிடமிருந்து வந்தது. பஞ்சைத் துப்பிவிட்டு, "உங்க பெரிய டாக்டர் காலையில போயிட்டாராம், தெரியாதா?" என்றார். சிராங்கூன் ரோட்டு மாடியில் அவரோடு சேர்ந்து பல ஆண்டுகள் பல் மருத்துவம் பார்த்தவள் நான். எனக்கு அழுகை வரவில்லை. அவரை அறிந்த உங்களிடம் அதை மறைக்கப் போவதில்லை.

பல்லைப் பிடுங்குவதே வைத்தியம் என்றிருந்த நாளில் வேர் சிகிச்சை செய்து பற்களைக் காப்பாற்றியவர் என்று இரங்கல் கூட்டத்தில் புகழ்ந்தார்கள். காப்பாற்றினார்தான். எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறைக்கு மேலிருந்து ஒரு வாசல் வெட்ட வேண்டும். வாசல் மிகவும் குறுகினால் ஏதாவதொரு வேர் கண்ணில் படாமல் போய்ச் சீழ் உள்ளேயே தங்கிவிடும் என்பார். அந்த மட்டில் அவர் சொன்னது சரி. ஆனால் அவர் வாசலோடு நிற்கமாட்டார், சுற்றுச் சுவரையும் சேர்த்துக் குடைவார். கேட்டால், "வெளியே பெஞ்சு நிறைஞ்சு கிடக்கு. நீ சாவித்துவாரத்துல எட்டிப் பாத்துக்கிட்டிரு. நான் கதவைப் பேத்துட்டு உள்ளே போறேன்" என்பார். நர்ஸ் சிரிப்பாள்.

தஞ்சோங் பகாரிலிருந்து வரும் செல்லம்மா அக்காவுக்கு இடப்பக்கம் மெல்லுவதற்கு மிஞ்சியிருந்தது ஒரே கடைவாய்ப்பல். அதை எப்படியாவது நிறுத்திக் கொடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு வந்தார். அதையும் அவர் அப்படித்தான் குடைந்து அடைத்தார். தீபாவளியன்று பல் வேர்வரை பிளந்தது. "முறுக்கு தின்னாதேன்னு சொன்னேனா இல்லையா?" என்று காத்திருந்தவர்கள் முன்னால் அதட்டினார். என் தப்புதான் என்று அக்கா தலைகுனிந்தார். பிடுங்கியது நான். கையில் வந்த துண்டின் சுவர் முட்டை ஓடு போல் இருந்தது. முறுக்கு எதற்கு, சோற்றில் ஒரு கல் போதும். அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

பிறகு அவருக்கே பல்வலி வந்தது. கிளினிக் சாத்தியிருந்த ஒரு மதியம் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் கடைவாய்ப்பல்தான்.

"அறை முகட்டை மட்டும் எடும்மா. சுவரைத் தொடாதே. அவசரமே இல்லை."

சுவரைக் குடைந்தால் பல் உடையும் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"செல்லம்மா அக்காவுக்கும் இதே பல்தானே, டாக்டர்?" என்றேன். அவர் வாயை இன்னும் அகலமாகத் திறந்தார்.

சாயங்காலம்வரை குனிந்து நின்று, சுவரைத் தொடாமல் முடித்தேன். அடுத்த தீபாவளிக்கு நர்ஸ் கொண்டுவந்த முறுக்கை அந்தப் பக்கத்திலேயே வைத்துக் கடித்தார்.

கல்லறைத் தோட்டத்தில், மண் போடும் வரிசையில் செல்லம்மா அக்கா எனக்கு முன்னால் நின்றார். நல்ல மனுஷன், தான்தான் பேச்சைக் கேட்கவில்லை என்று கண்ணைத் துடைத்தார்.

"முறுக்கு இல்லக்கா. பல்லை அதிகமா வெட்டிட்டாரு. அது அவருக்கே தெரியும்" என்றேன்.

அக்கா திரும்பினார். "அப்புறம் ஏன் அத்தனை பேர் முன்னால என்னைத் திட்டினாரு?"

அக்கா கையில் எடுத்த மண்ணைக் குழியில் போடவில்லை. கீழே உதறிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

டாக்டரின் பல் உடையாமல் மண்ணுக்குள் போயிற்று. சுவரைத் தொடாதே, அவசரமே இல்லை: அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.