எதிர்க்கரைத் தூண்டில்

அடையாறு கடலில் சேரும் இடத்தில், பாதி இடிந்துபோன பாலத்தின் மேல் நிற்கிறேன். மீன்கொத்தி பார்க்கலாமென்று கோவையிலிருந்து வந்து இறங்கி, நேரே இங்கே வந்திருக்கிறேன். சாக்கடை நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. மீன்கொத்தியைத்தான் காணோம்.

பக்கத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் லுங்கிக்காரர் என் பைனாகுலரைப் பார்க்கிறார்.

"கொஞ்சம் குடு சார், பாத்துட்டுத் தரேன்."

வாங்கியவர் பறவை எதையும் தேடவில்லை. எதிர்க்கரையில் தூண்டிலோடு குந்தியிருக்கும் ஒருவரையே பார்க்கிறார்.

"யாருங்க அது?"

"என் மச்சான். வூட்ல சண்டை, பேச்சுவார்த்தை இல்ல. இன்னா மீனு புட்ச்சிகீறான்னு பாக்கறேன்."

மச்சான் கவனித்துவிடுகிறார். எழுந்து, தன் பக்கெட்டைத் தூக்கி எங்களுக்குத் தெரியும்படி தலைகீழாகக் கவிழ்க்கிறார். ஒன்றும் விழவில்லை.

இவர் பைனாகுலரை என்னிடம் திருப்பிக் கொடுக்கிறார். பிறகு எழுந்து தன் பக்கெட்டையும் அதேபோல் கவிழ்த்துக் காட்டுகிறார். அதுவும் காலி.

"இன்னா பண்றான், பாத்துச் சொல்லு சார்."

பார்க்கிறேன். "சிரிக்கிறாருங்க."

"மெய்யாலுமா?" என்றபடி பைனாகுலருக்கு மறுபடியும் கையை நீட்டுகிறார்.