செப்புவலை அறையில் சானல் அளந்த காலம்

கப்பலூரில் என் தாய்மாமன் ஒயர்லெஸ் செட் தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலை வைத்திருந்தார். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு என்னை அங்கே சேர்த்துக்கொண்டு, என் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். பத்திரமாக இருக்கட்டுமாம். எண்பதுகளில் எங்கள் பக்கத்து முதலாளிகள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சொந்த மாமாவிடம் எதிர்த்துப் பேச முடியுமா?

எனக்கு ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற, ரேடியோ அலைகளை அளக்கும் மெஷினில் வேலை. ஒரு செட்டில் பேசும்போது அது வெளியே விடும் சக்தி தனக்கு ஒதுக்கிய அலைவரிசைத் துண்டான சானலுக்குள்ளேயே நிற்க வேண்டும். பக்கத்துச் சானலுக்குக் கசிந்தால் அங்கே பேசுகிறவர் காதில் இரைச்சல்தான். சானலின் நடு அலைவரிசை, அதன் அகலம், அடுத்த சானல் இருக்கும் தூரம் மூன்றையும் மெஷினில் அமைத்து, இரண்டு சானலிலும் எவ்வளவு சக்தி என்று அளக்க வேண்டும். ஹைவேயில் போகும் ஸ்கூட்டரின் மின்பொறிகூட அளவைக் கெடுக்கும் என்பதால், சுவரிலும் கூரையிலும் செப்பு வலை அடித்த அறை. ஜன்னல் கிடையாது. அளக்கும்போது கதவை இறுக்கி, ஃபேனையும் நிறுத்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் அதற்குள் மூச்சு முட்டும். கூண்டுக் கிளிக்காவது காற்று வரும்.

அப்போதுதான் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மாதம் பிறந்ததும் ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு போய்ச் சேர வேண்டும். மாமாவிடம் கேட்டேன்.

"ஏத்தா, நானா வேணாங்குறேன்? அந்த மெஷினைத் தொட இங்க வேற ஆளு இல்ல. ஒருத்தனுக்குக் கத்துக் குடுத்துட்டுப் போ. அன்னைக்கே சர்டிபிகேட்ட எடுத்துத் தாரேன்."

அவர் காட்டிய ஆள், திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் அசெம்ப்ளி அண்ணன். செட்டைப் பிரித்து மாட்டுவதில் கெட்டிக்காரர். அனலைசர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் தெரியாது. அகலம் கேட்டால் தூரத்தைச் சொல்வார். தூரத்தைக் கேட்டால் தலையைச் சொறிவார்.

"எம்புட்டுச் சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குது தங்கச்சி" என்று சிரிப்பார். எனக்கோ அழுகையும் ஆத்திரமுமாக வரும். மாதம் முடிந்துகொண்டிருந்தது.

கடைசி வாரம், செட் வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி சோதனைக்கு வந்தார். மாமாவும் அண்ணனும் அதிகாரியும் என் நாற்காலியைச் சுற்றி வேர்த்து வடிய நின்றார்கள். சானலை அமைத்து அளந்தேன். பக்கத்துச் சானலில் கசிவு எக்கச்சக்கமாகக் காட்டியது. மறுபடி அளந்தேன். அதேதான். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். மாமா முகம் சுண்டிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"தங்கச்சி, பக்கத்துச் சானல் தூரம் பன்னெண்டரை கிலோஹெர்ட்ஸ்ல நிக்குது பாருங்க" என்றார் அண்ணன். "இந்தச் செட்டுக்கு இருபத்தஞ்சுல்ல. அகலம் சரியாத்தான் இருக்கு."

மாற்றி அளந்தேன். செட் தேறியது. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"அட மாப்ள, கத்துக்கிட்டயே!" மாமா அண்ணன் முதுகில் தட்டினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனசு அப்போதே பெங்களூர் பஸ்ஸில் ஏறிவிட்டது. "அப்பப் பீரோவைத் திறங்க மாமா" என்றேன்.

"அவசரப்படாதத்தா. இப்பத்தான ஆளு ரெண்டாயிருக்கு? நாளையிலருந்து ரெண்டு ஷிப்ட் ஓட்டுவோம். காலையில நீ, மத்தியானத்துக்கு மேல இவன். மாப்ள, ஒன் ஐடிஐ சர்டிபிகேட்டையும் நாளைக்குக் கொண்டாந்து குடுத்துரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் ஃபேனைப் போட்டுவிட்டு, கதவோரம் தரையில் உட்கார்ந்தார்.

"எம் மச்சான் எனக்குத் துபாய்க்கு விசா எடுத்துக்கிட்டு இருக்கான். அதுக்கு அந்தச் சர்டிபிகேட்டு வேணும்" என்றார். "இதுக்குப் பயந்துதான் தங்கச்சி, இம்புட்டு நாளும் தெரியாத மாதிரியே இருந்தேன்."