வாசலில் கிடந்த செருப்பு

"இந்த சீனைத் தூக்கிடலாம்னு இருக்கேன் சார்" என்றார் டைரக்டர். சின்ன வயசு, முதல் படம். "அந்தம்மா மொகத்துல ஒண்ணுமே வரல. புருஷன் செத்துப் போயிட்டார்னு யாரு நம்புவா?"

நானும் திரையைப் பார்த்துவிட்டு, "ஆமா தம்பி, நடிப்பு வரல" என்றேன். என்னை யார் கேட்டார்கள்? என் வாய் அப்படி.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஒருவர் நடக்கும்போது உங்கள் காதில் விழும் காலடிச் சத்தம் பெரும்பாலும் அவருடையது இல்லை. ஷூட்டிங்கில் பதிவானதில் ஜெனரேட்டர், ரயில், யாரோ இருமுவது எல்லாம் கலந்திருக்கும். அதனால் குரோம்பேட்டையில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, மைக் முன்னால் அதே மாதிரி நான் நடப்பேன். ஹீரோ ஓடினால் நானும் ஓட வேண்டும். ஹீரோயின் கொலுசு போட்டு வந்தால் கொலுசையும் நான்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். எஃபெக்ட்ஸ் என்று இதற்குப் பெயர். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒரு நாளும் அலுத்ததில்லை.

இந்த வேலைக்குப் புதுச் செருப்பு ஆகாது. தேய்ந்த செருப்பில்தான் ஆள் நடக்கிற சத்தம் வரும். அதனால் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், யாரிடமாவது கொடுத்துப் பழசைக் கேட்பேன். ஒரு தடவை பூக்காரம்மா ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சார், என் செருப்ப வாங்கினு போயி இன்னா பண்ணப் போற? செய்வினை கிய்வினை வெக்கிறியா?"

என் தொழிலை அரை மணி நேரம் விளக்கினேன். "இதெல்லாம் ஒரு வேலைன்னு சுத்திகினு கீறியே" என்று தலையில் அடித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தாள். அந்தச் செருப்பைத்தான் இந்த சீனுக்கு எடுத்து வைத்திருந்தேன். என் குதிகால் பாதி வெளியே நிற்கும், ஆனால் சத்தம் அருமையாக வரும்.

சீன் இதுதான். ஆஸ்பத்திரியில் கணவர் இறந்துவிட்டார். மனைவி அவருடைய வேட்டியை எடுக்கத் தனியாக வீட்டுக்கு வருகிறாள். கூடுவாஞ்சேரியில் ஒரு அபார்ட்மெண்ட். மாடிப்படி ஏறி, வாசலில் செருப்பை விட்டு, பூட்டைத் திறந்து உள்ளே போகிறாள். வசனம் கிடையாது.

நடித்தவர் கற்பகம். அஸ்தினாபுரத்தில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. ஒரு ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பல வருஷமாகக் கல்யாணக் கூட்டத்திலும் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்திலும் நின்றவருக்குத் தனியாக ஒரு சீன் கிடைத்தது இதுதான் முதல் தடவை. முந்தின நாள் பால் பூத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், படம் உங்ககிட்டதான் வந்திருக்காமே. என் சீன் இருக்குல்ல? நாத்தனார் வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"இருக்கும்மா, எங்க போயிடப் போகுது" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருந்தேன். இப்போது அதைத் தூக்கச் சொல்லி நானே ஒத்து ஊதியிருக்கிறேன்.

"எதுக்கும் காலடி போட்டு வச்சிருங்க சார், பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று டைரக்டர் டீ குடிக்கப் போனார்.

துக்கம் என்றால் எங்களிடம் ரெடியாக ஒரு நடை உண்டு. கனமாக, இழுத்து இழுத்து நடப்போம். அதையே போட்டேன். படி வரைக்கும் ஒழுங்காக வந்தது. வாசலில் சிங்க் விட்டுப்போனது. நான் நின்ற பிறகும் திரையில் கால் நகர்ந்துகொண்டிருந்தது. மறுபடி போட்டேன். அப்போதும் அதே கதைதான்.

மெஷினில் இருந்த பிரபு சிரித்தான். "அண்ணா, இன்னைக்கு காலுக்கு என்னாச்சு? வயசாயிடுச்சா?"

"வாய மூடிக்கினு திருப்பிப் போடு."

மூன்றாவது தடவையும் போச்சு. எரிச்சலில், வாசலை மட்டும் மெதுவாக ஓட்டச் சொல்லிக் குனிந்து பார்த்தேன்.

வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. இறந்த கணவருடையது என்று ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆட்கள் போட்டது. நேராகப் போனால் அதை மிதிக்கத்தான் வேண்டும். கற்பகத்தின் கால் அதன் மேல் போய், அப்படியே நின்று, பின்னால் வந்து, சுற்றிக்கொண்டு போனது. தன் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டவர், கட்டை விரலால் அதை நகர்த்தி அந்த ஜோடிக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் பூட்டைத் தொட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருஷமாகக் காலைப் பார்த்துப் பிழைக்கிறவன், அன்றைக்கு மட்டும் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

கனமான நடையைத் தூக்கிப் போட்டேன். கடைக்குப் போய்விட்டு வருகிறவர் மாதிரி சாதாரணமாகப் படி ஏறினேன். வாசலில் ஒரு நிறுத்தம், சின்னத் தயக்கம், சுற்றிப் போகும் மூன்று அடி. கடைசியில் மொசைக் கல்லில் செருப்பு மெல்லத் தேய்கிற சத்தம். பிரபு சிரிக்கவில்லை.

டைரக்டர் வந்ததும் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"இது எப்ப நடந்துச்சு சார்?"

"நீங்க எடுத்ததுதான் தம்பி."

சீன் தங்கியது. முகத்தின் குளோசப்பை வெட்டிவிட்டு, கால் தெரிகிற ஷாட்டையே முழுதாக வைத்தார்.

மறுநாள் பால் பூத்தில் கற்பகத்திடம் ஒப்புக்கொண்டேன். "நடிப்பு வரலன்னு முதல்ல நானும்தாம்மா சொன்னேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "டைரக்டர் அழக்கூடாதுன்னுட்டாரு சார். மொகத்த என்ன பண்றதுன்னே தெரியல. அந்தச் செருப்ப மிதிச்சிடாம போனாப் போதும்னு போனேன்" என்றார். பிறகு மெதுவாக, "சீன் இருக்குல்ல?" என்றார். இருக்கிறது என்றேன். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அங்கிருந்தே நாத்தனாருக்குப் போன் போட்டார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஒருவருக்கு நடிக்க வரவில்லை என்று சொல்வதற்கு முன்னால், அவர் கூடவே ஒரு தடவை நடந்து பாருங்கள். எனக்கு நாலு தடவை நடக்க வேண்டியிருந்தது.