என் மூக்குக்கு வந்த வேலை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது வீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. கழுவிய போத்தல்களை மணந்து பார்ப்பது. சம்பளம் இல்லை, மரியாதை மட்டும் நிறைய.

அப்பா கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். ஊரில் யுத்தம் முடிந்த வருடம் குடிக்கத் தொடங்கியவர், ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பிய பிறகு மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணிக் குடியை விட்டுவிட்டார். இனி ஒரு சொட்டு வாயில் பட்டாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே பொண்டியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தார். வெறும் வெருட்டல் இல்லை. எங்கள் இருவரின் உடுப்பும் மடித்து வைத்த பை ஒன்று அலுமாரிக்கு மேல் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், அப்பாவை விட்டுப் போக வேண்டி வந்துவிடுமோ என்று பயப்படுவேன்.

அந்த வருட நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, மாமாமாரும் சித்தப்பாமாரும் மார்க்ஸ் டோர்மோய் மெற்றோவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வந்தால் விஸ்கி திறப்பார்கள்.

"வெறுங்கையோடை அவங்களுக்கு நடுவிலை எப்பிடியப்பா இருக்கிறது? நான் ஜிஞ்சர் பியர் போடுறன்" என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா.

இஞ்சி, சீனி, முந்திரிகை வத்தல் என்கிற உலர்ந்த திராட்சை, துளி ஈஸ்ட். பிள்ளைகளுக்கும் கொடுக்கிற சாமான்தானே என்று அம்மாவும் ஓம் என்றார். ஆனால் ஊற்றி வைக்கப் போத்தல் வேண்டுமே. ரெஸ்ரோரண்டில் வெறும் போத்தலுக்கா பஞ்சம்? எல்லாம் வைன் போத்தல். சனியன் அங்கேதான் பிடித்தது.

அப்பா பைபையாகச் சுமந்து வந்தார். லேபலை ஊறவைத்து உரிப்பார். அடியில் காய்ந்த கசட்டுக்கு ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் விட்டுக் குலுகுலுவென்று குலுக்குவார். பிறகு பெரிய பானையில் பச்சைத்தண்ணீரோடு வைத்து மெல்ல மெல்லச் சூடாக்கி அவிப்பார். அவசரப்பட்டால் கண்ணாடி வெடித்துவிடும். "கொஞ்ச ஊத்தை இருந்தாலும் முழுக்கப் புளிச்சுப்போம்" என்பார். குசினி முழுக்க ஆவி. வைன் மணம் ஆகாது என்று அம்மா அந்தப் பக்கமே வரமாட்டார். என்னைத்தான் அனுப்புவார்.

"ஒவ்வொண்டா மணந்து பார் பிள்ளை. வைன் மணந்தா என்னட்டைச் சொல்லு."

எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. என் மூக்கு வேண்டாம் என்றால் போத்தல் திரும்பவும் பானைக்குள் போகும்! கொஞ்ச நாளில் வேலை கூடியது. அப்பா வேலையால் வந்ததும் ஓடிப்போய் அவரைக் கொஞ்ச வேண்டும். பிறகு அம்மாவிடம் வந்து என்ன மணந்தது என்று சொல்ல வேண்டும். அதுவும் போத்தல் வேலையில் ஒரு பகுதி என்றுதான் நினைத்தேன். சவர்க்காரம் என்பேன், பொரித்த எண்ணெய் என்பேன். அம்மா மூச்சுவிட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டப் போவார்.

நத்தாருக்குக் கிட்ட ஒரு பின்னேரம் அப்பா கடைசிப் பை போத்தலோடு வந்தார். கழுத்தைக் கட்டிக் கொஞ்சினேன். சட்டை, கழுத்து எல்லாம் வைன். எனக்குப் பின்னால் நின்ற அம்மா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"என்ன மணக்குது?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "போத்தல் மணம்" என்றேன்.

அம்மா கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேல் இருந்த பையைப் பிடித்தார்.

"ஐயோ, என்னப்பா இது! மெற்றோவிலை சனம் நெரிச்சதிலை போத்தலுக்குள்ளை கிடந்த மிச்சம் சட்டையிலை ஊத்துப்பட்டுது. சத்தியமா!" என்றார் அப்பா.

"எத்தினை சத்தியத்தைத்தான் நம்புறது?" அம்மா பையை இழுத்தார். நான் ஓவென்று அழத் தொடங்கினேன்.

அப்பா சட்டையைக் கழற்றி எறிந்தார். எனக்கு முன்னால் முழங்காலில் நின்று, வாயைத் திறந்து, என் முகத்துக்கு நேரே ஊதினார்.

"மணந்து பார். பார்த்திட்டு கொம்மாட்டைச் சொல்லு."

அம்மா கதிரையில் நின்றபடி என்னையே பார்த்தார். அப்பாவும் என்னையே பார்த்தார். அழுத மூக்கு அடைத்துக் கிடந்தது. பயத்தில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. சேலைத் தலைப்பால் அம்மாவே கதிரையில் நின்றபடி குனிந்து என் மூக்கைத் துடைத்துவிட்டார். அப்பா இன்னொருமுறை ஊதினார்.

"தேத்தண்ணி" என்றேன். "தேத்தண்ணியும் இஞ்சியும்."

அம்மா பையை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். அன்று யாருமே சரியாகச் சாப்பிடவில்லை.

நத்தாருக்கு ஜிஞ்சர் பியர் கொஞ்சம் புளித்துத்தான் இருந்தது. மாமா நக்கலடித்தார். அப்பா சிரித்துக்கொண்டே கிளாஸ் கிளாஸாக அதையே குடித்தார்.

வீட்டுக்குப் போத்தல் வருவது அதோடு நின்றுவிட்டது. ஆனாலும் வேலையால் வந்ததும், சப்பாத்தைக் கழற்றும் முன்பே, அப்பா என் உயரத்துக்குக் குனிந்து முகத்தில் ஊதுவார். கூசுது என்று சிரித்து நானும் திருப்பி ஊதுவேன். "சரி, கொம்மாட்டைப் போய்ச் சொல்லிப்போட்டு வா" என்பார். எல்லா வீட்டிலும் அப்பாமார் இப்படித்தான் வீட்டுக்குள் வருவார்கள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.