நாளைக்கு மாஸ்டரின் அவசரம்

தையல்கடை மாஸ்டருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் ‘நாளைக்கு மாஸ்டர்’. யார் எதைக் கேட்டாலும் தலையை நிமிர்த்தாமல், “நாளைக்கு வாங்க” என்பார். அந்த நாளை எப்போது வரும் என்பது அவருக்கே வெளிச்சம். ஆஸ்பத்திரி சர்ஜன் அம்மா வெள்ளைக் கோட்டு தைக்கத் துணி கொடுத்துவிட்டு நடையாய் நடந்தார். அவரை விடுங்கள், ஆறு மாதக் கர்ப்பிணியான சொந்த மனைவிக்கே கவுன் தைத்துத் தரவில்லை, மகராசன். பாவம், அவள் மாஸ்டரின் பழைய சட்டைக்குள் காலம் தள்ளினாள்.

ஒருநாள் காலை அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. கூடவே வாந்தி.

“குழந்தை உதைக்குது. நாளைக்குப் பார்க்கலாம்” என்றார், வாயில் கவ்விய குண்டூசியோடு.

சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது. நிமிரவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்ததும் மாஸ்டர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்தார். அவளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

சர்ஜன் அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். “குடல்வால் வீங்கியிருக்கு. உடனே எடுக்கணும்.”

“அது அடிவயித்துலதானே டாக்டர் இருக்கும்? இவளுக்கு வலி மேல!”

“கர்ப்பப்பை வளர வளர அதை மேல தள்ளிடும். அதனாலதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க.”

தொப்பை வளர்ந்தால் சட்டையின் முன்பக்கம் மேலே ஏறுவது மாஸ்டருக்குத் தெரியாதா? புரிந்துவிட்டது. ஆனால் பயம் விடவில்லை.

“குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா? நாளைக்கு வரைக்கும்...”

“ஆபரேஷன்ல கொஞ்சம் ஆபத்து இருக்கு, இல்லேன்னு சொல்லலை. ஆனா குடல்வால் வெடிச்சா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. இது உங்க கடை இல்லை மாஸ்டர்!”

கையெழுத்துப் போட்டுவிட்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வெட்கத்தை விட்டு அழுதார்.

ஒருவழியாக எல்லாம் நல்லபடியாக முடிந்தது. குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவியில் கேட்க வைத்தார்கள். படபடவென்று ஓடியது. தன் மிஷின் ஒருநாளும் இந்த வேகத்தில் ஓடியதில்லை என்று மாஸ்டர் ஒப்புக்கொண்டார்.

மறுநாளே கவுன் கட்டிலுக்கு வந்துவிட்டது. சர்ஜன் அம்மா வாயைப் பிளந்தார். “அடேங்கப்பா! அப்போ என் கோட்டு?”

“நாளைக்கு டாக்டர்.” பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

மனைவி குபீரென்று சிரித்தாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது” என்றாள்.

மாஸ்டர் துள்ளி எழுந்து சர்ஜன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வலிக்குதாம் டாக்டர்! இப்பவே பாருங்க, இப்பவே!”